சிறு பெட்டிக்குள் ஒரு பண்டிதர்

செயற்கை அறிவு என்னும் சொல் இன்று நமது வீட்டுக் கூடம் வரையில் வந்துவிட்டது. பிள்ளைகள் அதனிடம் கணக்குக்கு வழி கேட்கிறார்கள். பெரியவர்கள் விண்ணப்பம் எழுதித் தரச் சொல்கிறார்கள். கேள்வி எங்கே போகிறது? பெரும்பாலும் அந்நிய ஸ்தாபனம் ஒன்றின் யந்திரசாலைக்கு. வீட்டு வரவு செலவும், வியாதி விவரமும் அவ்வழியே போய்விடுகின்றன. இவ்வேலையைச் சொற்ப விலைக் கருவி ஒன்றைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ள இயலாதா? இயலும், ஆனால் அதற்கும் ஓர் எல்லையுண்டு.

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரில் தோன்றிய 'ராஸ்ப்பெர்ரி பை' என்னும் சிறு கம்ப்யூட்டர் 2012-ஆம் வருஷம் பிப்ரவரி 29-ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. அன்று அதன் விலை 35 டாலர். பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வித்தையைக் கையால் பயில வேண்டும் என்பதே அதைச் செய்தவர்களின் நோக்கம். 2023-இல் அதன் ஐந்தாம் தலைமுறை வந்தது. நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56. ஏறக்குறைய ஒரு விளையாட்டுச் சீட்டின் அளவு.

இத்தனை சிறிய இடத்தில் பண்டிதரைக் குடிவைப்பது எங்ஙனம்? செயற்கை அறிவு மாதிரி என்பது எண்களின் பெருந்தொகுதி. 2023 பிப்ரவரியில் மெட்டா நிறுவனம் வெளியிட்ட 'லாமா' மாதிரிகளுள் மிகச் சிறியதிலேயே சுமார் 700 கோடி எண்கள். எண்ணுக்கு இரண்டு பைட் வீதம் 14 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். ஒவ்வோர் எண்ணையும் 16 பிட்டுக்குப் பதிலாக 4 பிட்டில் எழுதினால் சுமார் 4 ஜிகாபைட்டில் அடங்கிவிடும். முன்னாளில் ரூபாய் அணா பைசாக் கணக்கில் பைசாவைத் தள்ளி எழுதியது போன்றதே இது. கணக்குச் சற்றுப் பிசகும், குடித்தனம் குலையாது. 2023 மார்ச்சில் பல்கேரியரான கெர்கானோவ் வெளியிட்ட 'லாமா.சிபிபி' என்னும் இலவச நிரல் இவ்வித்தையைச் சாதாரண கம்ப்யூட்டர்களுக்கும் எளிதாக்கியது. மாதிரியை ஒரு முறை இறக்கிக்கொண்டால், பிறகு இணையத் தொடர்பே வேண்டியதில்லை.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொல்துண்டுக்கும் யந்திரம் அத்தனை எண்களையும் ஒரு முறை படித்தாக வேண்டும். ஐந்தாம் 'பை'யின் நினைவகம் நொடிக்கு ஏறக்குறைய 17 ஜிகாபைட் தரவல்லது. ஆகவே 4 ஜிகாபைட் மாதிரி நொடிக்கு நான்கு துண்டுகளுக்கு மேல் தராது. நடைமுறையில் இன்னும் குறையும். 2025-இல் வெளிவந்த கூகிளின் 'ஜெம்மா 3' வரிசையில் 100 கோடி எண்கள் கொண்ட மாதிரியும் உண்டு. இத்தகையவை விரைவாகப் பேசும். ஆனால் விஷயஞானம் குறைவு. தெரியாததையும் தெரிந்ததுபோல் சாதிக்கும்.

தமிழுக்கு இன்னொரு சங்கடம். 'லாமா 2' மாதிரியின் சொல்துண்டுப் பட்டியல் 32,000. அதில் தமிழுக்குக் கிடைத்த இடம் மிகச் சொற்பம். அதனால் தமிழ்ச் சொல் எழுத்தெழுத்தாகச் சிதறுகிறது, நேரமும் பன்மடங்காகிறது. 2023-இல் வெளிவந்த 'தமிழ் லாமா' 16,000 தமிழ்த் துண்டுகளைச் சேர்த்து இக்குறையைத் தீர்க்க முயன்றது. நமது மொழிக்கு நாமே இடம் தேட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பலகையும் சில்லும் அந்நிய நாட்டுச் சரக்கே; முழுச் சுதேசி என்று நாம் பெருமை பேச இடமில்லை. ஆயினும் கைராட்டை சுற்றிய வீட்டார் நூல் எப்படி உண்டாகிறது என்பதை அறிந்தார்கள். அதுபோல, மாதிரியைத் தன் கையால் ஏற்றி, அது தவறுவதையும் கண்ணால் கண்ட மாணவன் எந்த யந்திரத்தின் சொல்லையும் வேதவாக்காகக் கொள்ளமாட்டான். கடிதம் சுருக்கவும், பாடத்தில் கேள்வி தயாரிக்கவும் இச்சிறு பண்டிதர் போதும். மருந்துக்கு வைத்தியரையும், வழக்குக்கு வக்கீலையுமே நாடுவோமாக.