அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள்

2024 செப்டம்பர் 12. விடிய இன்னும் நேரம் இருந்தது. மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் எழுவதற்குள் புகை சூழ்ந்துவிட்டது. அன்றே இரண்டு பெண்கள் இறந்தார்கள். பழுதடைந்த அந்தக் கட்டடத்தை இடிக்கச் சொல்லி மாநகராட்சி முந்தைய ஆண்டே நோட்டீஸ் கொடுத்திருந்தது என்ற செய்தி பிறகுதான் வெளியே வந்தது.

நம் காரியாபட்டியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது மதுரை. நம் வீட்டுப் பெண்கள் படிக்கவும் வேலைக்கும் போய்த் தங்குகிற ஊர்.

அந்த மதுரைத் தீக்குச் சரியாக மூன்று மாதம் முன்பு, ஜூன் 12 அதிகாலையில், குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் நெருக்கமாகத் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் எரிந்தது. இந்தியர்கள் மட்டும் குறைந்தது 45 பேர் மாண்டார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். இன்னும் பின்னால் போனால், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேரைப் பலிகொண்ட கொட்டகைத் தீ.

மூன்றும் விடியலை ஒட்டி நடந்தவை. மூன்று இடங்களிலும் ஒருவருக்கொருவர் உறவில்லாத பலர் ஒரே கூரையின் கீழ் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தீ பிடித்த பிறகு அவர்களால் செய்ய முடிந்தது மிகக் குறைவு. செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முன்னால், பகல் வெளிச்சத்தில், யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். அந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம் ஊரில் யார் சேர்ந்து தங்குகிறார்கள்?

மதுரை தூத்துக்குடி நாற்கரச் சாலையில் காரியாபட்டி ஒரு பேரூராட்சி, தாலுகா தலைநகரம். சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரி, நூற்பாலைகள், கல்குவாரிகள், பட்டாசு ஆலைகள். ஆகவே மாணவர்கள், ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெண்கள், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்தார், தனியாக இருக்கும் இளைஞர்கள் எனப் பலர் பகிர்ந்து தங்குகிறார்கள். பெயர்ப்பலகை உள்ள விடுதி சில. மாடி ரூம், காம்பவுண்டு வீடு, பாதி கட்டி முடித்த கட்டடம் என்று பெயர்ப்பலகை இல்லாதவை பல. ஆபத்து அதிகம் இருப்பது இந்த இரண்டாவது வகையில்தான். அங்கே எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் தங்கியிருந்த இரண்டு சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பிறகு, 2014இல் தமிழக அரசு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மாணவிகள் விடுதியோ வேலைக்குப் போகும் பெண்களின் விடுதியோ, தனியார் நடத்தினால் மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம் என்று ஆட்சியர்கள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். ஆலை விடுதியில் இருக்கும் பெண்களும் இந்த உரிமம் பற்றி நிர்வாகத்திடம் கேட்கலாம்.

அந்த உரிமத்துக்குப் பின்னால் வேறு சில காகிதங்கள் இருக்கின்றன: கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று, சமையல் இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு. இவற்றோடு, 1965ஆம் ஆண்டின் பொதுக்கட்டட உரிமச் சட்டப்படி தாசில்தார் தரும் 'படிவம் டி' உரிமம். ஒவ்வொரு சான்றும் ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்ததன் அடையாளமாக இருக்க வேண்டும். அதனால்தான் அவற்றைக் காட்டச் சொல்லுங்கள் என்கிறோம்.

தனி வீடோ தனி அறையோ வாடகைக்கு எடுத்தால் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் துணைக்கு வரும். 2019 பிப்ரவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு எழுதிக்கொள்ளாத வரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

ஆனால் லாட்ஜ், சத்திரம் போன்றவை இந்தச் சட்டத்துக்குள் வராது. கட்டில் கணக்கில் வாடகை வாங்கும் இடங்கள் இந்தக் காரணத்தைச் சொல்லியே நழுவும். ஆண்கள் விடுதிக்கோ, பெண்கள் விடுதிக்கு இருப்பதுபோலத் தனிச் சட்டமும் இல்லை. இருபது இளைஞர்கள் தங்கும் மாடிக்குக் கட்டட விதி, தீயணைப்பு விதி, சுகாதார விதி என்று துண்டு துண்டாகத்தான் பாதுகாப்பு கிடைக்கிறது. அவற்றைச் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் உள்ளாட்சி அமைப்பாக இருப்பதே முறை.

அறையைப் பார்க்கப் போகும்போது

சாப்பாடு எப்படி, வைஃபை உண்டா என்று கேட்கிறோம். அதோடு இவற்றையும் பாருங்கள்.

வெளியேற எத்தனை வழி? ஒரே படிக்கட்டுதான் என்றால், அதன் அடியில் பைக், ஃபிரிட்ஜ், பழைய மெத்தை, சிலிண்டர் இருக்கிறதா? படிக்கட்டில் பிடிக்கும் தீ மாடி முழுவதையும் சிறைப்படுத்திவிடும்.

இரவில் கேட்டை வெளியே பூட்டுகிறார்களா? மொட்டைமாடிக் கதவின் சாவி யாரிடம்? மங்காஃபில் மாடிக்கு ஓடியவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. பாதுகாப்புக்காகப் பூட்டுகிறோம் என்பார்கள். உள்ளிருந்து திறக்க முடியாத பூட்டு பாதுகாப்பு ஆகாது.

ஜன்னலில் நிலையான கம்பி மட்டுமா, திறக்கும் வசதியும் உண்டா?

ஒரு பிளக்கில் எத்தனை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்? இண்டக்ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் எல்லாம் ஒரே இணைப்பிலா? கசிவு மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? மின்வாரியம் திரும்பத் திரும்பச் சொல்லும் உயிர்காக்கும் கருவி அது.

சமையலறையில் இருப்பது வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரா? விடுதிச் சமையலுக்கு வணிக சிலிண்டர்தான் முறை. கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். காற்றோட்டமில்லாத அறையில் சிலிண்டர் வைத்திருந்தால் அந்த இடம் வேண்டாம். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள், பிறகு 1906க்குப் பேசுங்கள்.

நம் மண்ணுக்கு உரிய எச்சரிக்கை

பட்டாசு நம் மாவட்டத்துக்குச் சோறு போடும் தொழில். ஆனால் வாடகை வீட்டுக்குள் திரி முறுக்குவதும், மருந்து வைத்திருப்பதும், அரைகுறையாகச் செய்த சரத்தை அடுக்கி வைப்பதும் வெடிபொருள் சட்டப்படி குற்றம். உற்பத்தி அறையிலோ இருப்பு அறையிலோ யாரும் படுத்துத் தூங்கக் கூடாது. 2024 மே 1 அன்று ஆவியூர் அருகே கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்களைப் பலிகொண்டது நமக்கு மறக்கவில்லை. பக்கத்து அறையில் மருந்து வாடை வந்தால், ஆள் நடமாட்டம் இல்லாமல் மூட்டைகள் மட்டும் வந்துபோனால், சங்கடம் பார்க்காமல் 112க்குச் சொல்லுங்கள். காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் தூங்குவது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

குறை இருந்தால் யாரிடம் போவது?

கழிவுநீர், குடிநீர், பழுதான கட்டடம் என்றால் பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. பெண்கள் விடுதி என்றால் மாவட்ட சமூகநல அலுவலகம். தீப் பாதுகாப்பு என்றால் தீயணைப்பு நிலையம். எதுவும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம், அல்லது முதல்வரின் முகவரி 1100.

பணம் வாங்கிக்கொண்டு சொன்ன வசதியைத் தரவில்லை, அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை என்றால் நீங்கள் ஒரு நுகர்வோர். ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான சேவைக்குக் கட்டணம் கிடையாது. இதற்காகவே ஒவ்வொரு மாதமும் ரசீது வாங்கி வையுங்கள். ஜிபே பதிவும் சாட்சிதான்.

வழக்குக்கு வழி தெரியாதவர்கள் 15100க்கு அழைத்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு உதவும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ஆபத்தில் இருக்கும் பெண்கள் 181க்கும், குழந்தைகள் 1098க்கும் அழைக்கலாம்.

பேரூராட்சி தொடங்க வேண்டிய இடம்

இங்கிலாந்தில் ஒரே குடும்பத்தைச் சேராத 5 பேரோ அதற்கு மேலோ ஒரு வீட்டைப் பகிர்ந்து தங்கினால் அந்த வீட்டுக்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அதாவது ஏறத்தாழ 70 சதுர அடி. உரிமம் பெற்ற வீடுகளின் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு நாளையே வந்துவிடாது. ஆனால் பட்டியல் வரலாம். பேரூராட்சி வார்டு வார்டாக, எந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் சேர்ந்து தங்குகிறார்கள், எத்தனை வழி, உரிமம் உண்டா என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினால் போதும். எழுதப்படாத கட்டடத்துக்கு ஆய்வாளர் வர மாட்டார், தீயணைப்பு வண்டிக்கும் உள்ளே எத்தனை பேர் என்று தெரியாது. நீங்களும் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம்: நம் தாலுகாவில் உரிமம் பெற்ற விடுதிகள் எவை? 30 நாளில் பதில் தர வேண்டும். ஒருவர் கேட்டாலே அலுவலகத்தில் அந்தப் பட்டியலைத் தேடுவார்கள். இல்லாவிட்டால், இல்லை என்பதாவது தெரியவரும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பெண்ணையோ பையனையோ விடுதியில் விடப் போகும்போது பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். படிக்கட்டில் ஏறி மொட்டைமாடி வரை போய்க் கதவைத் திறந்து பாருங்கள். அது திறக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு அட்வான்ஸைக் கொடுங்கள்.