கூழன் சக்கையை வீணாக்க வேண்டாம்: வரட்டியும் இலையப்பமும் செய்யும் முறை

விளவங்கோடு வட்டத்தில், சிதறால் மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுப் புறக்கடையில் ஒரு பலா மரமாவது நிற்கும். சித்திரை, வைகாசியில் வரும் வியாபாரி வருக்கைச் சக்கைக்கே விலை பேசுகிறார். கூழனைக் கேட்பாரில்லை. அது மரத்தடியில் விழுந்து ஈ மொய்த்து அழுகுகிறது. 'காசுக்கு உதவாத மரம்' என்று கடைசியில் தடிக்கு விற்றுவிடுகிறோம். விதைக் கன்று நட்டால் மீண்டும் காய் பறிக்க ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வெட்டுமுன் விவசாயிகள் சற்று யோசிப்பது நல்லது. கடித்துத் தின்னச் சுவைக்காத கூழன், காய்ச்சுவதற்கு ஏற்றது.

பறிக்கும் காலம்

ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் சுளை நீர்த்து இனிப்புக் குறையும். அதற்கு முன்பே பறித்துவிட வேண்டும். தட்டினால் மந்தமான ஓசையும், முள் விரிந்து நல்ல மணமும் இருந்தால் பழம் பக்குவமாகிவிட்டது என அறியலாம். கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது.

வரட்டி

கொட்டை நீக்கிய சுளையை அரிப்பில் இட்டுப் பிசைந்து நாரை நீக்கவும். ஒரு கிலோ கூழுக்கு ஒரு கிலோ கருப்பட்டி அல்லது வெல்லம் தேவை. அதைச் சிறிது நீரில் உருக்கி, மண் போக வடிகட்டவும். அடிகனத்த உருளியில் கூழை முதலில் வேகவிட்டு, பாகை ஊற்றி, சிறு தீயில் கைவிடாமல் கிளறவும். 100 கிராம் நெய்யைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். பக்கங்களில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது சுக்கும் ஏலக்காயும் பொடித்துத் தூவி இறக்கவும். ஒரு சொட்டைத் தட்டில் இட்டால் பரவாமல் நிற்க வேண்டும், அதுவே பதம்.

நீர் வற்றி, மிஞ்சிய ஈரத்தையும் இனிப்பு பிடித்துக்கொள்வதால் பூசணம் எளிதில் வளராது. நன்றாக ஆறிய பிறகே வெயிலில் காய்ந்த பரணியில் அடைக்கவும். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி வரட்டி கெட்டுவிடும். ஈரக் கரண்டியும் ஆகாது. இவ்வாறு வைத்தால் சில மாதங்கள் இருக்கும்.

இலையப்பம்

வறுத்த அரிசி மாவு இரண்டு கப் எடுத்து, உப்பு, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்து, கொதிக்கும் நீரை விட்டுக் கிளறிப் பிசையவும். பச்சைத் தண்ணீரில் பிசைந்த அரிசி மாவு விரிந்துபோகும். கொதிநீர் பட்டால்தான் பசை பிடிக்கும். வாட்டிய வாழையிலையில் மாவை மெல்லியதாகப் பரத்தி, ஒரு பாதியில் வரட்டியும் தேங்காய்த் துருவலும் வைத்து மடித்து, ஓரத்தை அழுத்தி மூடவும். ஆவியில் 20 நிமிடம் வேகவிடலாம். இலையோடு ஓட்டில் இருபுறமும் சுட்டும் எடுக்கலாம். திரளி இலை கிடைப்பவர்கள் மாவையும் வரட்டியையும் கலந்து கூம்பாகச் சுருட்டி அவித்தால் மணமே தனி.

சிதறால் மலைக்கோவிலைக் காண வெளியூரிலிருந்து பலர் வருகின்றனர். மகளிர் குழுக்கள் இலையப்பத்தையும் வரட்டியையும் அங்கே விற்க முன்வரலாம். விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம். கொட்டையையும் எறியாதீர்கள், உலர்த்தி மணலில் புதைத்து வைத்தால் மழைக்காலக் கறிக்கு உதவும்.

இந்த ஆண்டு ஒரு கூழனையாவது காய்ச்சிப் பாருங்கள். மரத்தை வெட்டுவதா, வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.