முன்னே ஓடு, பின்னே எறி!

கல்கத்தாவில் நாம் குடிவந்த புதிதில் சனிக்கிழமை சாயங்காலம் என்றாலே ஒருவித பயம். மற்ற நாட்களில் உத்தியோகம் இருக்கிறது. சனிக்கிழமை மாலையில் என்ன இருக்கிறது? லேக் மார்க்கெட்டுக்குப் போனால் முருங்கைக்காயும் காப்பிப் பொடியும் கிடைக்கும். இரண்டு தமிழ் வார்த்தையும் காதில் விழும். ஆனால் முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலைப் பொழுதைக் கழித்துவிட முடியுமா?

அப்படிப்பட்ட ஒரு மாலையில் கால் போன போக்கில் மைதானத்துக்குப் போனோம். விக்டோரியா மண்டபத்தின் வெள்ளைக் கும்மட்டம் தெரிகிற அந்தப் பெரும் புல்வெளியில் இருபது முப்பது பேர் முட்டை வடிவமான ஒரு பந்துக்காகப் புரண்டுகொண்டிருந்தார்கள். வங்காளிகள் பலர், ஊர்விட்டு ஊர் வந்த பஞ்சாபியர் இருவர், பிரெஞ்சுக்காரர் ஒருவர், ஜப்பானியர் ஒருவர். நாம் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு ஒருவர் அருகில் வந்தார்.

"விளையாட வருகிறீர்களா?" என்று கேட்டார்.

நாம் குனிந்து நம்முடைய தொந்தியைப் பார்த்துக்கொண்டோம். "இதற்குக்கூடவா ரக்பியில் இடம் இருக்கிறது?"

"இதற்குத்தான் வெகு நாளாக ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்!"

அது வெறும் உபசார வார்த்தை அல்லவென்று பிறகு தெரிந்துகொண்டோம். ரக்பியில் ஒரு கட்சிக்கு 15 பேர். அவர்களில் எட்டுப் பேர் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு குனிந்து, எதிர்க்கட்சியின் எட்டுப் பேரோடு தோள் முட்டித் தள்ளுவதற்கு 'ஸ்க்ரம்' என்று பெயர். அதற்குக் கனத்த சரீரம் வேண்டும். அந்தக் கால்களுக்கிடையிலிருந்து வரும் பந்தைப் பொறுக்கி எறியக் குள்ளமான சுறுசுறுப்புக்காரர் வேண்டும். வெளியே போன பந்தைத் திரும்ப எறியும்போது தாவிப் பிடிக்க நெட்டையர் வேண்டும். ஓரமாகப் பறந்து செல்ல ஒல்லியர் வேண்டும். ஆண்டவன் படைத்த எந்த உடம்பையும் வேண்டாமென்று தள்ளாத ஆட்டம் இது.

இதன் முக்கியமான விதி விசித்திரமானது. பந்தை ஏந்திக்கொண்டு முன்னே ஓடலாம். காலால் முன்னே உதைக்கலாம். ஆனால் கையால் முன்னே எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோதான் எறிய வேண்டும். ஆகவே பந்தை வைத்திருப்பவர், தம் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஓடி வருகிறார் என்று நம்பியே தீர வேண்டும். புதிய ஊரில் தனியாக வாழ்கிறவனுக்கு இந்த நம்பிக்கை லேசில் வருவதில்லை. நமக்கு வர இரண்டு மாதம் பிடித்தது.

"பல் போனால் யார் கொடுப்பார்கள்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முதல் நாளே யாரும் நம்மைத் தரையில் தள்ளிவிடவில்லை. ஆரம்பத்தில் ஓடுகிறவரைக் கையால் தொட்டால் போதும் என்ற விளையாட்டுத்தான். பிறகு முழங்காலிட்டபடியே விழக் கற்றுக்கொடுத்தார்கள், அப்புறம் நடந்துகொண்டு, கடைசியில்தான் ஓடிக்கொண்டு. எதிரியைத் தோளால் தாங்கி இரு கைகளாலும் அணைத்தே வீழ்த்த வேண்டும். தோளுக்கு மேலே பிடிப்பது குற்றம். பல்லுக்கு ரப்பர் கவசம் உண்டு. மூளை அதிர்ந்ததோ என்ற சந்தேகம் எழுந்தாலே ஆட்டக்காரரை வெளியே அனுப்பிவிட வேண்டும். அன்று அவர் மறுபடி இறங்கக் கூடாது.

இதே ஊரில் வேறொரு கழகத்தின் கதையும் உண்டு. 1872-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று இங்குள்ள ஆங்கிலேயர் ஒரு கட்சியாகவும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் மறு கட்சியாகவும் ரக்பி ஆடினார்கள். அடுத்த மாதமே 'கல்கத்தா புட்பால் கிளப்' உதயமாயிற்று. ஊரைவிட்டு வந்தவர்களுக்கு அதுவும் ஒரு புகலிடந்தான். ஆனால் ஐரோப்பியருக்கு மட்டும். அங்கே இலவசமாகக் கிடைத்துவந்த மதுபானம் நின்றதும் அங்கத்தினர்களின் வரவும் நின்றது. போலோவும் டென்னிஸும் மற்றவர்களை இழுத்துக்கொண்டன. கழகத்தைக் கலைத்து, மிஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்து, 1878-ல் இங்கிலாந்தின் ரக்பி யூனியனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகங்கள். மூடியின்மேல் ஒரு யானை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காகவே போராடி வருகின்றன.

நம்முடைய வெள்ளி, நம்முடைய யானை, ஆனால் கழகத்தில் நம்மவருக்கு இடமில்லை! ஐந்தாறு வருஷத்தில் ஆள் இல்லாமல் அது மடிந்தபோது, ஊர் நிறைய இளைஞர்கள் இருக்கத்தான் இருந்தார்கள்.

அந்தப் பிழைக்குப் பரிகாரம் போல் 2004-ல் இதே நகரத்தில் 'ஜங்கிள் குரோஸ்' என்ற கழகம் பிறந்தது. இந்த ஊருக்கு வந்த ஓர் ஆங்கிலேயர் ஏழைச் சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியது அது. கதவைச் சாத்திய கழகத்துக்குக் கோப்பை மிஞ்சியது. கதவைத் திறந்த கழகங்களுக்கு ஆட்டக்காரர்கள் கிடைக்கிறார்கள்.

போன மாதம் ஓர் ஒல்லியான இளைஞர் மைதானத்தின் ஓரத்தில் தனியே நின்றுகொண்டிருந்தார். ஊருக்குப் புதியவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. நாமே அருகில் சென்று, "விளையாட வருகிறீர்களா?" என்று கேட்டோம். மறு வாரம் அவர் காலணியோடு வந்துவிட்டார்.

இப்போது நமக்குச் சனிக்கிழமை என்றால் பயமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் படுக்கையை விட்டு எழுந்திருப்பதுதான் சற்றுப் பயமாக இருக்கிறது!