முருங்கை மாத்திரையும் மஞ்சள் சாரமும்: பாக்கெட்டின் பின்பக்கம் படிப்போம்

நம்முடைய இயற்கைச் சந்தைகளில் கேள்விகள் மாறிவிட்டன. சில வருடங்களுக்கு முன் வந்தவர்கள், "மருந்தடிச்சதா, அடிக்காததா?" என்று கேட்டார்கள். இப்போது, "இது சுகருக்கு நல்லதுங்களா?", "இந்த மஞ்சள்ல குர்குமின் எத்தனை பர்சன்ட்டுங்க?", "முருங்கை கேப்சூலா கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. கைபேசியைத் திறந்தால் ஒரு பொடி, ஒரு மாத்திரை, ஒரு டயட் என்று யாராவது ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார். பேசப்படும் பொருளோ பாதிக்கு மேல் நம் வயலிலிருந்து போனது.

நான் வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி விவசாயக் கடன் பிரிவு. ஓய்வு பெற்ற பிறகு அரவக்குறிச்சிப் பக்கம் நாலு ஏக்கரில் முருங்கை, கம்பு, கொள்ளு போடுகிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஒரு காகிதத்தில் எழுதியிருக்கும் எண்ணை எடுத்து, அது எதற்கு எத்தனை பங்கு என்று பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அந்தப் பழக்கத்தோடு மூன்று பாக்கெட்டுகளைப் புரட்டிப் பார்ப்போம், வாங்க.

முதல் பாக்கெட்: முருங்கை இலைப்பொடி

"ஆரஞ்சைவிட 7 மடங்கு வைட்டமின் சி, பாலைவிட 4 மடங்கு கால்சியம், கேரட்டைவிட 4 மடங்கு வைட்டமின் ஏ." இந்த வரிகளைப் படிக்காதவர் இருக்க முடியாது. நம் தோழர்கள் சிலரும் பொடி பாக்கெட்டில் இதை அச்சிடுகிறார்கள்.

இது பச்சை இலைக்குப் போட்ட கணக்கு. எடைக்கு எடை, 100 கிராம் இலையை 100 கிராம் ஆரஞ்சோடு ஒப்பிட்டது. பொடிக்கு இது பொருந்தாது. வைட்டமின் சி காற்றும் சூடும் பட்டால் அழியும் சத்து. இலை காயும்போதே பெரும்பகுதி போய்விடும். நிழலில் காய வைத்தாலும் இழப்பு இழப்புதான்.

கால்சியம் அப்படிப் போகாது. தண்ணீர் வற்றினால் மீதியில் செறிவு கூடும். 100 கிராம் பொடியில் சுமார் 2,000 மில்லிகிராம் கால்சியம் என்று சொல்கிறார்கள். உடனே, "பாலைவிட 17 மடங்கு" என்று இன்னொரு வரி பிறந்துவிட்டது. சரி, கணக்கு போடுவோம். 100 கிராம் பொடியை ஒரு நாளில் யாராவது சாப்பிட முடியுமா? ஒரு டீஸ்பூனை 5 கிராம் என்று தாராளமாக வைத்தாலும் கிடைப்பது 100 மில்லிகிராம். 200 மில்லி பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை.

மாத்திரைக்கு வந்தால் கணக்கு இன்னும் சுவாரசியம். ஒரு கேப்சூலில் 500 மில்லிகிராம் பொடி, அதில் கால்சியம் 10 மில்லிகிராம். ஒரு நாள் தேவைக்கு 100 கேப்சூல் விழுங்க வேண்டும்! 60 கேப்சூல் உள்ள டப்பாவில் மொத்தப் பொடி 30 கிராம். முருங்கை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதனால் 30 கிராம் பொடிக்கு வேண்டிய பச்சை இலை 120, 130 கிராம். ஒரு மாதத்துக்கு என்று விற்கிற டப்பாவில் இருப்பது, ஒரு வீட்டில் ஒரு வேளை பொரியலுக்கு ஆய்கிற கீரை.

இதனால் முருங்கைக்கு மதிப்பில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையின்படி, 100 கிராம் பச்சை இலையில் கால்சியம் 310 மில்லிகிராமுக்கு மேல், புரதம் 6 கிராமுக்கு மேல், வைட்டமின் சி சுமார் 108 மில்லிகிராம். கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கினால் அதிலுள்ள கரோட்டினும் உடம்பில் ஒட்டும். கீரை கிடைக்காத நகரத்து வீட்டுக்குப் பொடியும் உதவும். அடை மாவில், பருப்புப் பொடியில் ரெண்டு ஸ்பூன் கலக்கலாம். கீரைப்பொடி என்றே சொல்லி விற்றால் அதில் பொய் எதுவும் இல்லை.

இரண்டாம் பாக்கெட்: மஞ்சள் சாரம்

எங்கள் சம்பந்தி கொடுமுடியில் மஞ்சள் போடுகிறார். "மாமா, இப்ப எவனும் மஞ்சள் கேக்கறதில்ல, குர்குமின் கேக்கறான்" என்று அவர் மகன் சொல்கிறான். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மஞ்சளில் குர்குமின் தோராயமாக 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். மேகாலயாவின் லகடாங் மஞ்சளில் 7 சதவீதத்தை ஒட்டி வரும்.

நம் சமையலில் ஒருவர் பங்குக்கு ஒரு நாளைக்கு ரெண்டு, மூன்று கிராம் மஞ்சள்தூள் போகும். அதில் குர்குமின் 60 முதல் 90 மில்லிகிராம். கடையில் விற்கும் மாத்திரையில் "95 சதவீதச் சாரம், 500 மில்லிகிராம்" என்று இருக்கும். ஒரு மாத்திரையில் 475 மில்லிகிராம். மஞ்சள்தூளாக மாற்றினால் 16 கிராம் அளவுக்கு வரும். தினம் ரெண்டு மாத்திரை என்றால் 30 கிராமுக்கு மேல். எந்தப் பாட்டி ரசத்தில் இத்தனை மஞ்சள் போட்டார்?

குர்குமின் சும்மா சாப்பிட்டால் உடம்பில் அதிகம் ஏறாது. அதனால் மிளகின் சாரமான பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-ல் வெளிவந்த ஆய்வு இதற்கு அடிப்படை. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. இதே மிளகுச்சாரம், நாம் வேறு நோய்க்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் அளவுக்கு மீறி ரத்தத்தில் சேர வழி செய்யலாம் என்பதைப் பாக்கெட் சொல்வதில்லை.

விளைவு என்ன ஆனது? இத்தாலியில் மஞ்சள் சாரம் சாப்பிட்டவர்கள் பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2019-ல் செய்தி வந்தது. அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகம் 2022-ல் இவ்வகை மாத்திரைகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம் என்றது. கல்லீரலுக்கு நல்லது என்று எழுதவும் தடை போட்டது. அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. சிலர் சாப்பிட்ட மாத்திரைகளில் மிளகுச்சாரம் சேர்ந்திருந்தது. எல்லாருக்கும் இது வருவதில்லை, சிலருடைய உடல்வாகுக்கு வருகிறது. யாருக்கு வரும் என்று விற்கிற நமக்குத் தெரியாது.

1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் போராடியது, 1997-ல் அது ரத்தானது. "இது எங்க பாட்டிகளின் அறிவு" என்று அப்போது நாம் பெருமையாகச் சொன்னோம். அந்த அறிவு குழம்பில் ஒரு சிட்டிகை, புண்ணில் ஒரு பற்று என்ற அளவோடு வந்தது. 95 சதவீதச் சாரத்துக்குப் பாட்டி சாட்சி சொல்லமாட்டார்.

மூன்றாம் பாக்கெட்: சர்க்கரைக்குச் சிறுதானியம்

இது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிற விஷயம். 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நமக்கு நல்ல காலம். ஆனால், "சிறுதானியம் சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடும்" என்று பலகை எழுதி வைக்கும் கடைகளும் அதோடு கூடிவிட்டன.

எண்களைப் பாருங்கள். 100 கிராமில் மாவுச்சத்து கம்பில் சுமார் 62 கிராம், சாமையிலும் வரகிலும் 66, கேழ்வரகில் 67. தீட்டிய அரிசியில் 78. வித்தியாசம் உண்டு, மலையளவு இல்லை. உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது. ஹைதராபாத் இக்ரிசாட் நிறுவனம் முன்னின்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியிட்டதில், சாப்பிட்டபின் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைச் சொல்லும் குறியீடு சிறுதானியங்களுக்குச் சராசரியாக 53 அருகில் இருந்தது. தீட்டிய அரிசிக்கு அது 70-க்கு மேல். அதாவது சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறும்.

அதுவும் சமைக்கும் முறையைப் பொறுத்தது. வெள்ளை வெளேரென்று நாலு முறை தீட்டிய சாமையில் தவிடும் இல்லை, நாரும் இல்லை. நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால், சோறாக வடித்து மென்று தின்பதைவிடச் சீக்கிரம் ஏறும். "சிறுதானியம்தானே" என்று ரெண்டு தட்டு கூடுதலாகச் சாப்பிட்டால் வந்த லாபம் அங்கேயே கழிந்துவிடும்.

எங்கள் சந்தைக்கு வாரம் தவறாமல் வருகிற ஓர் அக்கா இருக்கிறார், ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒரு கடைப் பலகையைப் படித்துவிட்டு, ரெண்டு மாதம் வரகும் தினையுமாகச் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார். காலில் புண் வந்து ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரை 400-ஐத் தொட்டிருந்தது. கால் தப்பியது. திரும்பி வந்தவர் யாரையும் திட்டவில்லை. "படிச்ச நானே நம்பிட்டேன் தம்பி, எழுத்தறியாதவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். அந்தப் பலகையை எழுதியவர் கெட்டவர் இல்லை. நல்ல விவசாயி, நல்ல மண்ணில் விளைந்த நல்ல தானியத்தைத்தான் விற்றார். மண்ணுக்கு உழைத்த உழைப்பெல்லாம் பலகையின் ஒரு வரியில் போயிற்று.

சட்டமும் இதையே சொல்கிறது. உணவுப்பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் அனுமதிப்பதில்லை. 2006 சட்டத்தின் 53-ஆம் பிரிவில், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சர்க்கரை நோய், புற்றுநோய் பெயரைச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

"போடலைன்னா சரக்கு போகாதுங்க"

இதைச் சொன்னால் இளைய தோழர்கள் கேட்பது நியாயமான கேள்வி. "எல்லாரும் போடறாங்க அண்ணா, நாங்க மட்டும் போடலைன்னா சரக்கு தேங்கிடுமே?"

கடன் பிரிவில் இருந்தபோது என் மேசைக்கு வெனிலா வந்தது, சோற்றுக்கற்றாழை வந்தது, நோனி வந்தது, ஈமு வந்தது. ஒவ்வொன்றும் ஓர் அதிசயம் என்று சொல்லித்தான் வந்தது. விலை ஏறும்போது ஊரே நட்டது. அலை இறங்கியபோது வாங்குகிறவன் போனை எடுக்கவில்லை, கடன் மட்டும் விவசாயி பேரில் நின்றது. அதிசயத்துக்காக வாங்குகிறவர் அடுத்த அதிசயம் வந்ததும் போய்விடுவார். ருசிக்காகவும் நம்பிக்கைக்காகவும் வாங்குகிறவர் அடுத்த வாரமும் பையோடு வருவார். வங்கியில் கடன் கொடுக்கும்போது நாங்கள் பார்த்ததும் இந்த இரண்டாம் வகை வரவைத்தான்.

அதோடு, சாரத்துக்கும் மாத்திரைக்கும் பேர் கூடினால் நம் விலை கூடுமா என்பதையும் யோசியுங்கள். சாரம் எடுக்கிறவனுக்கு மஞ்சள் எந்த ஊருடையது என்பது முக்கியமில்லை, சதவீதம் முக்கியம். அங்கே நாம் வெறும் கச்சாப் பொருள். சமையலறையில்தான் நம் ஊர்ப் பெயருக்கு விலை.

பாக்கெட்டில் என்ன எழுதலாம்?

நம் குழுக்கள் பேசி முடிவெடுக்க ஒரு மாதிரி தருகிறேன். ரகம் என்ன, எந்த ஊரில் எந்த மாதம் விளைந்தது, எப்படி உலர்த்தியது, சிறுதானியம் என்றால் எத்தனை முறை தீட்டியது, ஒரு வேளைக்கு எத்தனை கிராம், அந்த அளவில் என்ன சத்து. 100 கிராம் கணக்கு மட்டும் போட்டால் போதாது. ஒரு சமையல் குறிப்பு. கடைசியாக ஒரு வரி: "இது உணவு. மருத்துவர் கொடுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்."

வாங்கும் நண்பர்களும் மூன்று கேள்வி கேளுங்கள். சொல்லும் சத்து 100 கிராமுக்கா, நான் சாப்பிடும் அளவுக்கா? இது உணவா, உணவிலிருந்து பிரித்த சாரமா? நோயின் பெயர் பாக்கெட்டில் இருக்கிறதா? மூன்றாவதற்கு "ஆமாம்" என்று பதில் வந்தால், நம் சந்தையாகவே இருந்தாலும் வைத்துவிட்டு நகருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எந்தப் பொடியையும் சாரத்தையும் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தன் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மேசையில் பரப்பி, ஒவ்வொரு வரியாக ஒன்றாகப் படிப்போம். அடிக்க வேண்டிய வரியை அங்கேயே அடிப்போம். நான் சிவப்புப் பேனா கொண்டு வருகிறேன்.