தகவல் துளி: அந்தமான் நாகம்

அந்தமானின் பெரார்கஞ்ச் பாக்குத் தோப்பில் சருகு அள்ளுகிறீர்கள். கையில் சுருக்கென்று ஒரு கடி. அந்தமான் நாகமாக இருக்கலாம். இந்தத் தீவுகளில் மட்டுமே வாழும் இனம் அது. நம் விஷமுறிவு ஊசியோ இந்தியப் பெருநிலப்பரப்பின் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நஞ்சை வைத்துத் தயாராவது. அந்தந்த வட்டாரப் பாம்புக்கேற்ற மருந்து வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நியாயம்தான். 2024-இல் வந்த தேசியச் செயல்திட்டமும் 2030-க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாக்கப் பார்க்கிறது. வட்டார மருந்து வரும்வரை இருக்கிற ஊசிதான், கூடவே செயற்கைச் சுவாசம். இமை தானாகச் சரிந்தால், நாக்குக் குழறினால், அடுத்து மூச்சுத் திணறலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கையை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைத் தேடி அலையாதீர்கள், நேயர்களே!