இதயம் துடிக்கும்போதே மரணமா? விடை தரும் பின்மூளை

விபத்தில் தலையில் பலத்த காயமடைந்த ஒருவர் மூளைச்சாவு அடைந்துவிட்டதாக மருத்துவர்கள் அறிவிக்கின்றனர். ஆனால், அவரது உடல் வெதுவெதுப்பாக இருக்கிறது. மார்பு ஏறி இறங்குகிறது. திரையில் இதயத்துடிப்பு தெரிகிறது. 'மூச்சு இருக்கும்போது இறந்துவிட்டார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?' என்று குடும்பத்தினர் கேட்பது இயல்பே. இதற்கான விடை பெரும்பாலும் பின்மூளையில் அடங்கியுள்ளது.

தலையின் பின்புறம், கழுத்துக்குச் சற்று மேலே அமைந்துள்ள பின்மூளை, முகுளம், பான்ஸ், சிறுமூளை ஆகிய மூன்று பகுதிகளைக் கொண்டது.

முகுளம்

மூளையைத் தண்டுவடத்துடன் இணைக்கும் முகுளத்தின் நீளம் சுமார் 3 சென்டிமீட்டர் மட்டுமே. சுவாசம், இதயத்துடிப்பின் வேகம், ரத்த அழுத்தம் ஆகியவற்றை இது கட்டுப்படுத்துகிறது. விழுங்குதல், இருமல், தும்மல், வாந்தி ஆகியவையும் இதன் பொறுப்பே. ரத்தத்தில் கரியமில வாயு அதிகரித்தால், அதை உணர்ந்து மூச்சுவிடுமாறு தசைகளுக்கு முகுளம் ஆணையிடுகிறது. உறக்கத்திலும் நமது சுவாசம் நிற்காததற்கு இதுவே காரணம்.

பான்ஸ்

லத்தீன் மொழியில் 'பாலம்' எனப் பொருள்படும் பான்ஸ், பெருமூளையையும் சிறுமூளையையும் இணைக்கிறது. சுவாசத்தின் தாளத்தைச் சீராக்குவதுடன், முகத் தசைகள் மற்றும் கண்களின் அசைவிலும் பங்கு வகிக்கிறது. பிரெஞ்சுப் பத்திரிகை ஆசிரியர் ஜான் டொமினிக் போபி, 1995-ஆம் ஆண்டு மூளைத்தண்டில் ஏற்பட்ட பக்கவாதத்தால் உடல் முழுவதும் செயலிழந்தார். எனினும், அவரது சிந்தனை தெளிவாகவே இருந்தது. இடது கண்ணை இமைத்தே அவர் ஒரு நூலைச் சொல்லி எழுதுவித்தார்.

சிறுமூளை

மூளையின் கன அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உள்ள சிறுமூளையில், மூளையின் மொத்த நரம்பணுக்களில் பாதிக்கும் மேல் உள்ளன. உடலின் சமநிலையையும் அசைவுகளின் ஒருங்கிணைப்பையும் இது கவனிக்கிறது. மது அருந்தியவர் தள்ளாடுவதற்கு இப்பகுதி பாதிக்கப்படுவது முக்கியக் காரணம்.

மூளைச்சாவு என்பது என்ன?

நடுமூளை, பான்ஸ், முகுளம் ஆகியவை சேர்ந்ததே மூளைத்தண்டு. இதன் அனைத்துச் செயல்பாடுகளும் மீளமுடியாதவாறு நின்றுவிடுவதையே, 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைச் சட்டம் மூளைத்தண்டு மரணமாக வரையறுக்கிறது. அந்நிலையில் மார்பு ஏறி இறங்குவது செயற்கை சுவாசக் கருவியால்தான். துடிப்பைத் தூண்டும் அமைப்பு இதயத்திலேயே இருப்பதால், ஆக்சிஜன் கிடைக்கும்வரை அது சிறிது காலம் துடிக்கும். கோமா நிலை இதிலிருந்து வேறுபட்டது. அதில் மூளைத்தண்டு இயங்கிக்கொண்டிருக்கலாம், நோயாளி மீளவும் வாய்ப்புண்டு.

இந்தியாவில் 4 மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதித்த பின்னரே இம்மரணத்துக்குச் சான்றளிக்க இயலும். கண்ணில் ஒளி பாய்ச்சும்போது பாவை சுருங்குகிறதா, தொண்டையைத் தூண்டினால் இருமல் வருகிறதா என மருத்துவர்கள் பார்க்கின்றனர். பின்னர், ஆக்சிஜன் அளித்தவாறே சுவாசக் கருவியைச் சற்று நேரம் விலக்குகின்றனர். கரியமில வாயு உயர்ந்தும் ஒரு மூச்சுகூட எழவில்லை எனில், முகுளம் தனது பணியை நிறுத்திவிட்டது என்று பொருள்.

இருமுறையும் முடிவு மாறாதபோதுதான் சான்றிதழ் வழங்கப்படுகிறது. உறுப்பு தானத்துக்குச் சம்மதிப்பதா என்ற கேள்வி குடும்பத்தினர் முன் வைக்கப்படும்போது, இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது தெளிவான முடிவெடுக்க உதவும்.