வாலிபரின் ஆத்திரமும் நீதியின் அளவுகோலும்

சுங்குவார்சத்திரத்தையும் ஒரகடத்தையும் சுற்றியுள்ள ஆலைகளை நம்பிப் பல ஜில்லாக்களிலிருந்தும் வாலிபர்கள் வந்து, வாடகை அறைகளில் நெருக்கமாக வசிக்கிறார்கள். அத்தகைய அறையொன்றில் ஒருவன் மற்றொருவனின் தாயை இழித்துப் பேசுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவன் கைக்கு அகப்பட்டதை எடுத்து அடிக்கிறான். அடிபட்டவன் மாண்டு போகிறான். அடித்தவனுக்கு வயது பத்தொன்பது. அவனுக்கு என்ன தண்டனை விதிப்பது நியாயம்?

திடீரென்று கடுமையாக ஆத்திரமூட்டப்பட்டுத் தன்வசமிழந்தவன் செய்யும் கொலையைச் சட்டம் வேறாகவே கருதுகிறது. 1860-ஆம் வருஷத்துப் பீனல் கோடிலிருந்த இவ்விலக்கு, 2024 ஜூலை முதல் அமுலிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 101-ஆவது பிரிவிலும் இருக்கிறது. அதற்கு அளவுகோல் என்ன? குற்றவாளியின் சமூக நிலையிலுள்ள நிதானமான மனிதன் அச்சந்தர்ப்பத்தில் தன்னடக்கத்தை இழந்திருப்பானா என்பதே என்று 1961-இல் நானாவதி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. ஆத்திரம் தணிய அவகாசமிருந்ததால் நானாவதிக்கு அச்சலுகை கிட்டவில்லை. 1989-இல் சுயம்புக்கனி வழக்கில் நமது ஹைகோர்ட்டு இன்னும் ஒருபடி மேலே சென்று, நெடுநாள் பொறுத்துக் குமுறிய ஆத்திரத்தையும் கணக்கில் எடுத்தது.

சமூக நிலையை ஆராயும் நீதி, பிராயத்தை ஆராய வேண்டாமா? பதினேழு வயதுச் சிறுவன் இக்குற்றத்தைச் செய்தால், அவனைப் பெரியவனைப்போல் விசாரிக்க இயலாது என்று 2020-இல் ஷில்பா மித்தல் வழக்கில் தீர்ப்பாயிற்று. சிறப்பு இல்லத்தில் மூன்றாண்டே உச்சவரம்பு. பதினெட்டு நிறைந்தவனுக்கோ, உயிர் போக்கும் நோக்கம் இருந்ததென்று கண்டால், 105-ஆவது பிரிவின்படி ஆயுள் சிறை வரை போகலாம், குறைந்தபட்சமே ஐந்தாண்டு. ஒரே இரவில் இளரத்தம் குளிர்ந்து விடுகிறதா?

ஆத்திரம் கொலைக்கு லைசென்ஸ் என்று நாம் சொல்லவில்லை. மாண்டவனும் ஒரு தாயின் மகனே. ஜாதித் திமிரால் திட்டமிட்டுச் செய்யும் ஆணவக் கொலைக்கு இவ்விலக்கு ஒருநாளும் நிழலாகக் கூடாது. அது திடீர் ஆத்திரமன்று, நிதானமான பாதகம்.

நாம் கோருவது இதுவே. ஆத்திரத்தின் கடுமையை எடைபோடும்போதே நீதிபதிகள் வயதையும் எடைபோட வேண்டும். ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்தில், இருபத்தொரு வயதுக்குட்பட்டவனைச் சிறைக்கு அனுப்புமுன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பெறவும், சிறைதான் தேவையென்றால் காரணங்களை எழுதவும் 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம் கட்டளையிடுகிறது. அவ்வறிக்கை வெறும் சடங்காகிவிடாமல் கவனிப்பது வக்கீல்களின் பொறுப்பு. ஏழை வாலிபனுக்காக அதைக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?